பேனரா, பேச்சுப் பக்கமா, அறிவிப்புப் பலகையா: விக்கிப்பீடியாவில் வெளி ஆய்வுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்?

ஒரு பல்கலைக்கழகக் குழு வந்து, "எங்கள் ஆய்வுக்கு உங்கள் பங்களிப்பாளர்கள் வேண்டும், கொஞ்சம் அறிவித்துத் தர முடியுமா" என்று கேட்டால் விக்கிப்பீடியா என்ன செய்யலாம்? தளத்தின் தலையில் பேனர் போடலாம். ஆய்வாளர்களையே ஒவ்வொரு பங்களிப்பாளரின் பேச்சுப் பக்கத்துக்கும் (அவருக்குச் செய்தி எழுதிவைக்கும் பக்கம்) போய்க் கேட்கச் சொல்லலாம். பொது இடத்தில் ஓர் அறிவிப்போடு நிறுத்திக்கொள்ளலாம். இல்லையென்றால், "யார் எப்போது எதை மாற்றினார் என்ற தொகுப்பு வரலாறு முழுக்கப் பொதுவெளியில்தானே கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடலாம்.

இதில் அதிகம் சண்டை இழுப்பது பேனர்தான். 2011 டிசம்பரில் ஹார்வர்டின் பெர்க்மன் இணைய ஆய்வு மையமும் பாரிசின் சியான்ஸ் போ பல்கலைக்கழகமும் நடத்திய ஆய்வுக்காக ஆங்கில விக்கிப்பீடியாவில், தளத்தை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் ஒப்புதலோடு ஒரு பேனர் ஏறியது. இது விளம்பரம் மாதிரி இருக்கிறது, சொடுக்கினால் நம் கணக்கு விவரம் வெளிச் சேவையகத்துக்குப் போகிறது என்று புகார் குவிய, சில மணி நேரத்திலேயே இறக்கிவிட்டார்கள். ஒரு பேனருக்கு இவ்வளவு கோபமா என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். ஆனால் விளம்பரம் வந்துவிடுமோ என்ற பயமும் ஒரு காரணமாக 2002இலேயே ஸ்பானியப் பங்களிப்பாளர்களில் பெரும்பகுதி பிரிந்துபோய்த் தனிக் கலைக்களஞ்சியம் தொடங்கிய வரலாறு இந்தத் திட்டத்துக்கு உண்டு. சம்பளம் இல்லாமல் எழுதுகிறவர்களின் கவனத்தை எடுத்து மூன்றாம் ஆளுக்குக் கொடுக்க அறக்கட்டளை அலுவலகத்துக்கு என்ன உரிமை என்பதுதான் அடியில் இருக்கும் கேள்வி, பேனரின் நிறமோ அளவோ அல்ல.

பேனருக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதம், அது எல்லாருடைய கண்ணிலும் படும், அதனால் பதில் சொல்கிறவர்கள் மொத்தப் பங்களிப்பாளர்களுக்குச் சரியான மாதிரியாக அமைவார்கள் என்பது. இதை நான் முழுதாக நம்பவில்லை. 2008இல் யூஎன்யூ-மெரிட் என்ற ஆய்வு நிறுவனமும் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்புக்குத் தளத்திலேயே அழைப்பு வைத்தார்கள்; பங்களிப்பாளர்களில் பெண்கள் 12.7% மட்டுமே என்று வந்தது. பெரிய விவாதமே நடந்தது, நல்லதுதான். ஆனால் 2013இல் ஹில், ஷா என்ற ஆய்வாளர்கள் இருவரும், அமெரிக்க வாசகர்களைப் பற்றி பியூ என்ற கருத்துக்கணிப்பு மையம் தனியாக எடுத்திருந்த கணக்கெடுப்போடு ஒப்பிட்டுத் திருத்தியபோது அது 16.1% ஆனது. அதாவது எல்லார் கண்ணிலும் பட்டாலும் பதில் சொல்ல உட்காருகிறவர்கள் ஒரு வகையினர்தான். தலைமேல் பேனர் கட்டியும் சாய்வு போகவில்லை என்றால் அந்தத் தொந்தரவுக்கு என்ன நியாயம்?

பேச்சுப் பக்க வழி அடக்கமானதாகத் தெரியும். ஆனால் ஆய்வாளர்கள் தேடிப் போவது எப்போதும் அதிகம் எழுதுகிறவர்களைத்தான். அதே ஆட்களுக்கே அழைப்பு மேல் அழைப்பு. இன்னொரு சிக்கல், கேட்காமலே ஆய்வு செய்வது. 2012இல் வெளியான ரெஸ்டிவோ, வான் டி ரைட் ஆய்வில், மிகத் தீவிரமான 1% பங்களிப்பாளர்களில் சிலரைக் குலுக்கலில் எடுத்து, அவர்களிடம் சொல்லாமல் பதக்கம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் உழைப்பு 60% கூடியது. சுவாரசியமான முடிவு, மறுக்கவில்லை. ஆனால் பாராட்டு என்று நினைத்து மகிழ்ந்தவருக்கு அது குலுக்கலில் விழுந்தது என்று பிறகு தெரிந்தால்? ஜெர்மன் விக்கிப்பீடியாவில் ஆய்வாளர் யானா காலஸ் புதியவர்களுக்கு விருது கொடுத்துச் செய்த ஆய்விலும் (2017இல் வெளியானது, தொடர்ந்து எழுதியவர்கள் 20% கூடினார்கள்) பெற்றவர்களுக்குக் குலுக்கல் தெரியாதுதான், ஆனால் அங்கிருந்த சமூகத்தினரின் துணையோடு நடந்தது. எனக்கு இரண்டாவது கொஞ்சம் தேவலை. ஆங்கில விக்கிப்பீடியாவில் "இது ஆய்வுக்கூடம் அல்ல" என்று விதியே இருக்கிறது. இடைஞ்சல் செய்யும் ஆய்வுக்குத் தொகுக்கும் உரிமையே போகலாம்.

பொதுத் தரவு யாரையும் தொந்தரவு செய்யாது, பெரிய விக்கிகளில் இதுவே போதும். சிறிய விக்கியில் கதை வேறு. தமிழ் விக்கிப்பீடியாவில் "இலங்கை, ஆசிரியர், பெண், உயிரியல் கட்டுரைகள்" என்று ஆய்வறிக்கையில் ஒரு வரி எழுதினாலே பயனர் பெயரை மறைத்து என்ன பயன், அங்கே புழங்குகிறவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

ஆகவே என் ஓட்டு அறிவிப்புப் பலகைக்கு. தமிழில் அதற்கு ஆலமரத்தடி இருக்கிறது, தொடர்ந்து எழுதுகிறவர்கள் எட்டிப் பார்க்கும் இடம். ஆர்வமுள்ளவர்களே வருவார்கள் என்ற குறை உண்டு, சரி, பேனரிலும் அதே குறைதான். பணம் யாருடையது, தரவு எங்கே தங்கும், கட்டுரை எல்லாரும் இலவசமாகப் படிக்கும்படி வருமா என்று முதலிலேயே எழுதச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்க ஒரு வாரமாவது விட வேண்டும். முடிவை அதே இடத்தில் வந்து சொல்லாத குழுவுக்கு அடுத்த முறை இடமில்லை. பேனரை, அந்தச் சமூகமே தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கேட்கும் கணக்கெடுப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதையும் அலுவலகம் அல்ல, எழுதுகிறவர்கள் பேசி முடிவு செய்யட்டும்.