நுரையீரல்ல கிளாட்: ஒவ்வொரு டாக்டரா, இல்ல டீமா?

அல்சூர்ல இருக்குற எங்க பெரியப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்ச பத்தாவது நாள் மூச்சு வாங்குச்சு. சிடி எடுத்தா பல்மனரி எம்பாலிசம், கால்ல உறைஞ்ச ரத்தம் போயி நுரையீரல் குழாய அடைச்சிருக்கு. ரத்தம் மேல உறையாம தடுக்குற ஹெப்பாரின் மருந்த உடனே போட்டாங்க, அதுல குறையே இல்ல. அப்புறந்தான் கூத்து: கார்டியாலஜிஸ்ட் நுரையீரல் டாக்டர கேளுங்கன்னாரு, அவரு கிளாட்ட கரைக்கிற ஊசி போடலாம்னாரு, ஆர்த்தோ டாக்டரு "இப்பதான் வெட்டுன முட்டி, ரத்தம் கொட்டிரும்"னாரு, ஃபைல தூக்கிட்டு அண்ணனும் நானும் மாடிக்கு மாடி அலையுறோம், அஞ்சு மணி நேரம்.

இதுக்கு மாத்து தான் பெர்ட்டுங்கிற டீம், 2012ல பாஸ்டன் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிடல்ல ஆரம்பிச்சது. ஒரு போன் போட்டா எமர்ஜென்சி, ஐசியூ, ஹார்ட், நுரையீரல், ரேடியாலஜி, தேவைன்னா சர்ஜனும், எல்லாரும் ஒரே ஸ்கேன பாத்து ஒரே முடிவு சொல்லுவாங்க.

பிபி, ஹார்ட் எல்லாம் நல்லா இருந்து சின்ன கிளாட்னா டீமே வேணாம், மாத்திர போதும். மேல் பிபி 90க்கு கீழ போயி ஆள் சரியுறாருன்னா மீட்டிங் முடியட்டும்னு ஊசிய நிறுத்தி வைக்கக் கூடாது. ஆனா நடுவுல மாட்டுறவங்க இருக்காங்களே, பிபி நல்லா இருக்கும், ஹார்ட்டோட வலது பக்கம் வீங்கி ஹார்ட் தசை அடிபட்டா ரத்தத்துல கூடுற ட்ரோபோனின் ஏறியிருக்கும், அங்கதான் டீமுக்கு வேலை. 2014ல வந்த பெய்த்தோ ஆய்வுல இவங்களுக்கு டெனெக்டிப்ளேஸ்ங்கிற கிளாட்ட கரைக்கிற ஊசி போட்டதும், ஒரு வாரத்துல சாவோ பிபி சரிவோ ஆனது 5.6 சதவீதத்துலேர்ந்து 2.6க்கு எறங்குச்சு, ஆனா மூளையில ரத்தக்கசிவு 0.2லேர்ந்து 2.0க்கு ஏறிடுச்சு. ஊசியா, கதீட்டர்ங்கிற மெல்லிசான குழாய விட்டு கிளாட்ட உறிஞ்சுறதா, ஹெப்பாரின்லயே விட்டு கவனிக்கிறதான்னு தனியா ஒருத்தர் சொன்னா அவர் கைப்பழக்கந்தான் பேசும்.

அதுக்காக டீம்னாலே உயிர் பொழைக்கும்னு சத்தியம் பண்ண முடியாது, பெரும்பாலும் டீம் வர்றதுக்கு முன்ன, பின்னன்னு ஒப்பிட்ட கணக்குதான் இருக்கு, ஐரோப்பிய இதய சங்கத்தோட 2019 வழிகாட்டியும் 'பரிசீலிக்கணும்'ங்கிற அளவுலதான் சொல்லுது. பேருக்கு டீம் இருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு கேத்லேப்ப, அதான் கதீட்டர் வேலை பாக்குற ரூம, தொறக்க ஆள் இல்லன்னா என்ன பிரயோஜனம்? இங்க பெங்களூர்ல சில்க் போர்டு டிராஃபிக்ல ஆம்புலன்ஸ்ல மாத்துறதுக்கு முன்னாடி நான் இத தான் கேப்பேன்.

பெரியப்பாவுக்கு பிபி எறங்கல, ஹெப்பாரின்லயே தேறிட்டாரு. இப்ப ரத்தம் உறையாம இருக்க மாத்திரையும், எங்கள திட்டுறதும் தினமும் நடக்குது.