வீட்டு வீடியோவை டிவிடி ஆக்க எந்த மென்பொருள்? ஆயாவின் ரிமோட்டை முன்வைத்து ஓர் அலசல்

கடலூர் முதுநகரில் இருக்கும் எங்கள் ஆயாவுக்கு யூடியூப் லிங்க் அனுப்பிப் பயனில்லை, பென் டிரைவும் சரிப்பட்டு வராது. டிவிக்குக் கீழே இருக்கிற பிளேயரில் தட்டைப் போட்டால் தாத்தாவின் மணிவிழா ஓட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. 1998ல் எடுத்த கேசட் அது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் பின்கட்டு ஓடு பறந்தபோது, பீரோவில் புடவைகளுக்கு நடுவே இருந்ததால் தப்பியது. பிரான்சில் இருக்கும் அத்தையும் தனக்கொரு தட்டு வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதற்காக முத்தியால்பேட்டையில் என் அறையில் உட்கார்ந்து நான்கைந்து மென்பொருள்களைப் போட்டுப் பார்த்தேன். டிவிடிஸ்டைலர்தான் என் தேர்வு. ஆனால் எல்லாருக்கும் அதுவேதான் என்று சொல்லமாட்டேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எம்பி4 கோப்பை அப்படியே தட்டில் எழுதினால் அது டேட்டா டிஸ்க்தான், பழைய பிளேயர் அதைத் தொடாது. பிளேயருக்கு வேண்டியது எம்பெக்-2 என்ற சுருக்க முறைக்கு மாற்றிய வீடியோ, அது தனக்கென உள்ள ஃபோல்டர் அமைப்பில் விஓபி, ஐஎஃப்ஓ கோப்புகளாக உட்கார்ந்திருக்க வேண்டும். நம் ஊர் டிவிக்கான பால் (PAL) முறையில் படத்தின் அளவு 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளை டிவிடி செய்ய இறக்கிக்கொண்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர். அது டிவிடியைக் கோப்பாக்கும், கோப்பை டிவிடி ஆக்காது. (வேறொரு வேலைக்கு அது தேவைப்படும், பின்னால் சொல்கிறேன்.)

இலவசமாகக் கிடைப்பவற்றில் பெயர் சொல்லும்படி இருப்பவை டிவிடி ஃபிளிக், டிவிடிஸ்டைலர், டெவெடே ஆகிய மூன்றும்தான். இவற்றில் எது படத்தைத் தெளிவாகத் தரும் என்று பலரும் கேட்கிறார்கள். மூன்றுக்கும் உள்ளே வேலை செய்வது எஃப்எஃப்எம்பெக், டிவிடிஆதர் என்ற அதே கருவிகள். சமையல்காரர் ஒருவர்தான், பரிமாறுகிற ஆள்தான் வேறு. அதனால் படத் தரத்தை வைத்துச் சண்டை போட வேண்டாம், தட்டு ஓடத் தொடங்கியதும் திரையில் வருகிற மெனுவைப் பார்த்து முடிவெடுங்கள். அந்தத் தட்டை வாழ்நாள் முழுக்க ரிமோட்டால் இயக்கப்போகிறவர் அதைத்தான் பார்ப்பார்.

டிவிடி ஃபிளிக் மிக எளிது. கோப்பை இழுத்துப் போடு, மெனு வார்ப்புரு ஒன்றைத் தேர்ந்தெடு, பொத்தானை அழுத்து, தூங்கப் போ. முதல் முறை செய்கிறவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆனால் அது விண்டோஸில் மட்டும் ஓடும், கடைசியாகப் புதுப்பித்தது 2009ல். இப்போதைய போன்கள் பல வீடியோவைச் சேமிக்கிற ஹெச்இவிசி என்ற சுருக்க முறையே 2013ல்தான் வந்தது, அதை அந்தப் பழைய நிரலால் படிக்க முடியாது. மெனுவும் கொடுத்தது கொடுத்ததுதான், உள்ளேயே இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ள வழியில்லை. பழைய கேசட் ஒன்று, மெனுகூடத் தேவையில்லை, போட்டதும் ஓடினால் போதும் என்றால் தாராளமாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

டிவிடிஸ்டைலரில் நான் நாள்கணக்கில் உட்கார்ந்தது மெனுவுக்காகத்தான். ஆயாவுக்கு ஒரு கண்ணில் புரை அறுவை சிகிச்சை முடிந்தது, இன்னொன்று பாக்கி. திரையில் ஆங்கில எழுத்தாக வரிசை வரிசையாக வந்தால் அவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவார். அதனால் தாத்தா மாலையோடு நிற்கிற காட்சியையே பின்னணிப் படமாக வைத்து, "தாலி கட்டுதல்", "ஆசீர்வாதம்", "பந்தி", "முழுதும்" என்று தமிழிலேயே பெரிதாக எழுதி, எழுத்தும் படமும் சேர்ந்த ஒரே படமாக வேறொரு நிரலில் செய்து கொண்டுவந்தேன். தமிழ் எழுத்துரு உடையுமோ என்ற கவலையே இல்லை. அதன் மேல் நான்கு பொத்தான்களை மட்டும் டிவிடிஸ்டைலரில் பொருத்தி, தேர்வாகும்போது கெட்டி மஞ்சள் நிறம் வரும்படி வைத்தேன். முதல் முயற்சியில் "பந்தி"யைத் திரையின் ஓரத்தில் வைத்திருந்தேன், ஆயா வீட்டு டப்பா டிவி ஓரங்களை வெட்டிக் காட்டியதில் பாதி எழுத்து காணவில்லை. பழைய டிவிக்குச் செய்கிறவர்கள் நாலா பக்கமும் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு எழுதுங்கள்.

இதில் இன்னும் இரண்டு வசதிகள் எனக்குப் பிடித்தவை. கேசட்டைக் கணினியில் ஏற்றும்போதே டிவிடிக்குப் பொருந்தும் எம்பெக்-2 ஆகச் சேமித்திருந்தால், மறுபடி மாற்றாமல் அப்படியே நகல் எடுக்கச் சொல்லலாம், நேரமும் மிச்சம், தரமும் குறையாது. மற்றொன்று 352க்கு 576 என்ற பாதி அகல அளவு, இதுவும் முறைப்படி டிவிடி ஏற்கிற அளவுதான். விஹெச்எஸ் கேசட்டில் இருக்கிற விவரமே குறைவு என்பதால் அகலத்தைப் பாதியாக்கினாலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, நீளமான கேசட்டுக்கு இது பெரிய உதவி.

ஏன் உதவி என்றால், கணக்கு அப்படி. சாதாரணத் தட்டு 4.7 ஜிபி. ஒரு மணி நேரம் என்றால் உச்சத் தரம் வைக்கலாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நொடிப் படத்துக்குச் சுமார் 5 மெகாபிட் இடம்தான் கிடைக்கும், மூன்று மணி நேரம் திணித்தால் மூன்றரைக்கு இறங்கிவிடும். சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் கொடுத்துச் சித்தப்பா கல்யாணத்தை மாற்றியபோது மூன்று மணி நேரத்தையும் முழு அகலத்தில் ஒரே தட்டில் அமுக்கிக் கொடுத்தார்கள், மேளக்காரர் கை அசைகிற இடமெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. மெனுவும் கிடையாது. அந்த வருத்தம்தான் இதையெல்லாம் நானே கற்றுக்கொள்ள வைத்தது.

போன் வீடியோவுக்கு வேறு தலைவலி. போன் நொடிக்கு ஒரே எண்ணிக்கையில் ஃபிரேம் எடுப்பதில்லை, வெளிச்சத்துக்கு ஏற்பக் கூட்டும் குறைக்கும். அதை நேராகக் கொடுத்தபோது தங்கை மகளின் காதுகுத்தில் குழந்தை அழுகிற சத்தம் முன்னால் வந்தது, வாய் பின்னால் திறந்தது. ஹேண்ட்பிரேக்கில் ஃபிரேம் எண்ணிக்கையை மாறாத 25 என்று வைத்து ஒருமுறை மாற்றி, அப்புறம் டிவிடிஸ்டைலருக்குக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு டெவெடே இருக்கிறது, அடக்கமான நல்ல நிரல், மெனு சுமார். விண்டோஸ் 7 கணினி இன்னும் ஓடுகிறதென்றால் அதன் பெரும்பாலான பதிப்புகளில் விண்டோஸ் டிவிடி மேக்கர் கூடவே வந்திருக்கும், விண்டோஸ் 8ல் எடுத்துவிட்டார்கள். காசு கொடுப்பதென்றால் நீரோ வீடியோ போன்றவை வெட்டி ஒட்டுவது, மெனு, பர்ன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடித்துத் தருகின்றன. மாதம் நாலு தட்டு செய்கிறவருக்கு அது நியாயம். ஒரே ஒரு மணிவிழாவுக்காக வாங்குவதில் அர்த்தமில்லை. சோதனைப் பதிப்பை இறக்கினால், படத்தின் மேல் முத்திரை விழுகிறதா என்று ஐந்து நிமிடத் துண்டில் பார்த்துவிட்டு மிச்ச வேலையைத் தொடங்குங்கள்.

எதில் செய்தாலும் நேராகத் தட்டில் எழுத வேண்டாம். முழுத் தட்டையும் ஒரே கோப்பாக்கும் ஐஎஸ்ஓ வடிவில் சேமித்து, விஎல்சி என்ற வீடியோ பிளேயர் நிரலில் திறந்து, மெனுவில் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்த்தபின், தட்டில் எழுதும் நிரலான இமேஜ்பர்னில் 4 அல்லது 8 வேகத்தில் எழுதினேன். அத்தையின் பிளேயரில் ஓடுமா என்றும் பயந்தேன். கடையில் விற்கும் தட்டில் பிரான்சுக்கு 2, நமக்கு 5 என்று பகுதி எண் உண்டு, நாம் வீட்டில் செய்வதை எல்லாப் பகுதிக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். 576 கோடு, 25 ஃபிரேம் அங்கேயும் அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை முதுநகருக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். மஞ்சள் கட்டம் "ஆசீர்வாதம்" மேல் வந்ததும் ஆயா ஓகேவை அழுத்தினார். இரண்டாவது தட்டு உறையில் போட்டு ஒட்டி மேஜை மேல் இருக்கிறது, அத்தை விலாசத்தின் பின்கோடு வந்ததும் தபாலில் சேர்க்க வேண்டும்.