வேட்டைக்கு மடக்கு முக்காலி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஜூலை இரண்டாவது சனிக்கிழமை, தென்னாப்பிரிக்காவில் பொங்கோலா பக்கம் ஒரு பண்ணையில், மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கீழே இருந்த முக்காலியின் ஒரு கால் பட்டென்று முறிந்தது. இடது பக்கமாகச் சரிந்து முள்ளுக்குள் விழுந்தேன். துப்பாக்கி என் கைமேல் கிடந்தது, குழலோ மாமா உட்கார்ந்திருந்த திசையைப் பார்த்தபடி இருந்தது. சேம்பரில் தோட்டா இல்லை. மிருகம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் துப்பாக்கியின் போல்ட்டைத் தள்ளித் தோட்டாவை ஏற்ற வேண்டும் என்பது மாமா எனக்குப் போட்ட முதல் கட்டளை, அன்றைக்கு எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றியது அதுதான். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் இதை முழுதாகச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

நான் டர்பனில் இருக்கிறேன். மாமா என் மனைவியின் அப்பா, இங்கேயே சாட்ஸ்வர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவர், குளிர்காலம் வந்தால் இம்பாலா மான் ஒன்றிரண்டு அடித்துப் பில்டாங் (உலர்த்திய இறைச்சி) போட்டு வைப்பது அவர் வீட்டில் பல வருடப் பழக்கம். துப்பாக்கி அவர் லைசென்ஸில் இருப்பது, அதனால் நான் சுடும்போது அவர் பக்கத்திலேயே இருந்து கவனித்தாக வேண்டும். நாங்கள் மேடை கட்டி ஏறுவதில்லை. காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து, நீர்க்குட்டைக்கு எதிரே ஒரு கரையான் புற்றை முதுகுக்கு வைத்துக்கொண்டு தரையிலேயே மூன்று மணி நேரம் உட்காருவோம். மாமா பால் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, மேலே மடித்த கம்பளியை விரித்து உட்காருவார். எனக்கு முதுகு ஒத்துழைக்காது, தவிர வண்டியை விட்டு ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும், அதனால்தான் லேசாக ஏதாவது வேண்டும் என்று ஆன்லைனில் தேடினேன்.

ஏப்ரலில் வாங்கினேன், விலை 1,299 ரேண்ட். கடை ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறது, பெயர் சொல்லப் போவதில்லை. விளம்பரத்தில் எழுதியிருந்தது இது: வேட்டை இருக்கை, அலுமினியம், எடை 850 கிராம், 150 கிலோ தாங்கும், சத்தமே வராது. என் எடை 84. 150 என்று போட்டிருக்கிறானே, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, பிறகென்ன கவலை என்று நினைத்தேன். பெட்டி வந்ததும் ஹாலில் டைல்ஸ் தரைமேல் உட்கார்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. எடை போட்டுப் பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, தூக்கும்போது கனமாகத் தெரிகிறதே என்று சமையலறைத் தராசில் வைத்தால் 1,430 கிராம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எடையைத் தப்பாகப் போடுகிறவன் தாங்கும் கிலோவை மட்டும் சரியாகவா போட்டிருப்பான்?

மே மாதம் முதல் தடவை எடுத்துப் போனோம். விடிந்து அரை மணி நேரம், நல்ல குளிர், ஏழெட்டுப் பெட்டை இம்பாலாக்கள் குட்டைக்கு வந்தன, அறுபது மீட்டர் இருக்கும். நான் மெதுவாக, நிஜமாகவே மெதுவாக, துப்பாக்கியைத் தாங்கும் கவைக்கோல் பக்கம் திரும்பினேன். முக்காலியின் நடு போல்ட்டிலிருந்து கிரீச் என்று ஒரு சத்தம். தலைமைப் பெட்டை தலையைத் தூக்கி ஒரு சீறல் சீறியது, அவ்வளவுதான், மொத்த மந்தையும் போய்விட்டது. மாமா என்னைத் திட்டவில்லை. “மாப்ளே, அது இரும்பும் அலுமினியமும் உரசுற சத்தம். எண்ணெய் போட்டாலும் நிக்காது” என்றார். நான் எண்ணெய் போட்டேன். இரண்டு நாளில் தூசி ஒட்டிச் சத்தம் இன்னும் கூடியது.

அப்புறம் ஜூலை. அன்றும் திரும்பும்போதுதான் நடந்தது.

முறிந்த காலை வீட்டுக்கு எடுத்து வந்து விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தோம். இந்த மாதிரி முக்காலியில் மூன்று குழாய்களும் நடுவில் ஒரே இடத்தில் ஒன்றை ஒன்று கடக்கும், அங்கே ஒரு போல்ட் மூன்றையும் கோத்துப் பிடித்திருக்கும். போல்ட் போக வேண்டுமென்றால் குழாயில் ஓட்டை போட வேண்டும், ஆக மிக அதிகமாக வளையும் இடமும் ஓட்டையால் மெலிந்த இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது. நல்லதாகச் செய்கிறவர்கள் அந்த இடத்தில் குழாய்க்குள் இன்னொரு சிறு குழாயைச் செருகியிருப்பார்கள், அல்லது வெளியே கெட்டியான வார்ப்பு மூட்டு வைத்திருப்பார்கள். என்னுடையதில் ஒன்றும் கிடையாது. குழாயின் சுவர் சோடா டின் தகட்டைவிடக் கொஞ்சம்தான் தடிமன், விரலால் அழுத்தினால் அமுங்கியது. வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவமாக இழுபட்டிருந்தது, அதன் ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பிச் சுற்றி வந்திருக்கிறது. விரிசலில் பாதி பழையது, கறுத்துப் போயிருந்தது. மீதிப் பாதி பளபளவென்று புதிதாக இருந்தது. அதாவது மே மாதத்திலிருந்தே அது கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வந்திருக்கிறது, நான் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

150 கிலோ என்பது நேராக, அசையாமல் உட்கார்ந்தால் மூன்று காலும் பங்கு போட்டுக்கொண்டு தாங்கும் கணக்காக இருக்கலாம். வேட்டையில் யார் அப்படி உட்காருகிறார்கள்? சுடத் திரும்பும்போது பாரமெல்லாம் ஒரே காலுக்குப் போகிறது. அந்த எண்ணை யார், எப்படிச் சோதித்துப் போட்டார்கள் என்று கடையிடம் இரண்டு முறை எழுதிக் கேட்டேன், பதில் இல்லை.

கடை நடந்துகொண்ட விதம்தான் இன்னும் எரிச்சல். படங்களோடு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வெளியில், கரடுமுரடான தரையில் பயன்படுத்தியதால் வாரண்டி கிடையாது என்றார்கள். விளம்பரத்தின் தலைப்பே வேட்டை இருக்கை! அதைச் சொன்னதும், சரி, உங்கள் செலவில் கூரியரில் அனுப்புங்கள், பரிசோதனைக் கட்டணம் 350 ரேண்ட் கட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்று வந்தது. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள், அப்படித்தான் இருந்தது. கடைசியில் பாதி விலைக்குக் கடையிலேயே வேறு பொருள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்தக் கடையில் இன்னொரு பொருளா!

இந்த இடத்தில் பலபேர் அலுத்துப்போய் விட்டுவிடுகிறோம், தயவுசெய்து விடாதீர்கள். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 56: தரமில்லாத பொருளை, கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் கடைக்காரர் செலவிலேயே திருப்பி அனுப்பலாம். பழுதுபார்ப்பதா, மாற்றிக் கொடுப்பதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர், கடை அல்ல. பரிசோதனைக் கட்டணம் எங்கிருந்து வந்தது? ஆன்லைனில் வாங்கியதற்கு இன்னொரு வழியும் உண்டு, மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தின்படி பொருள் வந்த ஏழு நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம், திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. பெட்டி வந்த அன்றே தராசில் வைத்திருந்தால் அந்த ஏழு நாளுக்குள் முடித்திருப்பேன்.

பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினேன், மூன்று வாரம் மௌனம். கடைகள்மீதான புகார்களை விசாரிக்கும் நுகர்பொருள் மற்றும் சேவைகள் ஆம்புட்ஸ்மனிடம் புகார் கொடுத்தேன் (நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை), ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், தராசுப் படம், முறிந்த காலின் படம் எல்லாம் வைத்து. விளம்பரத்தை வாங்குகிற அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஏனென்றால் என் புகாருக்குப் பிறகு அவர்கள் 850 கிராமை 1.4 கிலோ என்று திருத்திவிட்டார்கள். போன வாரம் முழுப் பணமும் வந்தது, மன்னிப்பு என்று ஒரு வரிகூட இல்லாமல்.

இப்போது வேறொன்று பார்த்து வாங்கியிருக்கிறேன், இந்த முறை கடைக்கே நேரில் போய். நடு மூட்டு கெட்டியான வார்ப்பு. கால் நுனிகள் அகலமாக, ஐந்து ரேண்ட் நாணயத்தைவிடப் பெரியதாக இருக்கின்றன. ஊசிக்கால் என்றால் அந்தப் பக்கத்து மணலில் ஒரு கால் மட்டும் இறங்கி நாம் சாய்ந்துவிடுவோம். கடையிலேயே உட்கார்ந்து இடமும் வலமும் பத்துப் பத்துத் தடவை திரும்பிப் பார்த்தேன், கடைப் பையனிடம் பாட்டை நிறுத்தச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டேன். இருபது நிமிடம் அதிலேயே உட்கார்ந்தேன், துணியின் விளிம்பு தொடையை அறுத்தால் கால் மரத்துப் போகும், மரத்த காலோடு எழுந்து சுடுவதும் ஆபத்துதான். உயரம் 40 சென்டிமீட்டர். அதைவிடத் தாழ்ந்தது முழங்கையை முட்டியில் ஊன்றிச் சுட வசதி, ஆனால் என் முதுகுக்குச் சரிவராது. எடை 1.7 கிலோ, பழையதைவிட அதிகம், தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.

பழையது இன்னும் விற்பனையில் இருக்கிறது. எடையைத்தான் திருத்தினார்களே தவிர 150 கிலோ அப்படியே நிற்கிறது. ஆலிவ் பச்சைத் துணி, கறுப்புக் கால்கள், மூலைகளில் வெள்ளை நூல் தையல், நடு போல்ட்டின் தலையில் ஆரஞ்சு பிளாஸ்டிக் மூடி. இதே ஜாடையில் உங்களிடம் ஒன்று இருந்தால், அந்த மூடியைக் கழற்றி ஓட்டையைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். அதைப் பார்க்காமல் அதில் உட்கார்ந்து துப்பாக்கியை மடியில் வைக்காதீர்கள்.