அனிமோன்: கிழங்கா, தொட்டிச் செடியா? எதை எந்த நிலையில் வாங்கலாம்

அனிமோன் பூச்செடி என்று கேட்டால் நாலைந்து வேறு வேறு சரக்கு கைக்கு வரும். பாக்கெட் படத்தில் எல்லாமே அழகுதான். ஆனால் ஒன்று சுருங்கிக் காய்ந்த கிழங்காக மாதக்கணக்கில் கிடந்தாலும் முளைக்கும். இன்னொன்று காய்ந்தாலே போச்சு. கொடுத்த காசுக்குப் பூ கிடைக்குமா என்பது நிறத்தையோ ரகத்தையோ விட, செடி எந்த நிலையில் விற்கப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது. இந்த மதிப்பீடும் அந்தக் கணக்கில்தான்.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டியது கொரோனாரியா என்ற அனிமோன் இனம். மத்தியதரைக் கடலோரத்துச் செடி. கோடை முழுக்க மண்ணுக்குள் உறங்கி, குளிர் வந்ததும் தழைக்கும். காய்ந்து கிடப்பது அதன் இயல்பு என்பதால் பாக்கெட் கிழங்கு இதற்குப் பொருத்தமான சரக்கு. டீ கேன் வகையில் ஒற்றை அடுக்குப் பூ, செயின்ட் பிரிஜிட் வகையில் பல அடுக்கு. டீ கேனில் நீலத்துக்கு 'மிஸ்டர் ஃபோக்கர்', வெள்ளைக்கு 'தி பிரைட்', சிவப்புக்கு 'ஹாலண்டியா'. அடுக்குப் பூவில் நீலம் 'லார்ட் லெப்டினன்ட்', சிவப்பு 'தி கவர்னர்'. திறந்த பாத்திக்கு டீ கேன்தான் மேல். மழை பெய்தால் அடுக்குப் பூ நீரைப் பிடித்துக்கொண்டு தலை சாய்த்துவிடும். செயின்ட் பிரிஜிட்டைக் கூரையடித் தொட்டிக்கு ஒதுக்குங்கள். கலவைப் பாக்கெட்டில் எந்த நிறம் எத்தனை வரும் என்பது அதிர்ஷ்டம். ஒரே நிறத்தில் கொத்தாக வேண்டுமானால் தனி ரகமாகவே வாங்குங்கள்.

பாக்கெட்டின் பின்புறம் 5/6, 6/7, 7/8 என்று இருக்கும் எண்கள் கிழங்கின் சுற்றளவு, சென்டிமீட்டரில். விட்டம் என்று நினைத்து வாங்கினால் பிரித்ததும் முகம் சுண்டும். பெரிய கிழங்கு முதல் பருவத்திலேயே கூடுதல் பூத்தண்டு தரும். வெட்டுப்பூவுக்கு (பறித்து ஜாடியில் வைக்க) வளர்க்காதவருக்கு 6/7 போதும். அளவே போடாத பாக்கெட்டைத் தொடாதீர்கள்.

கிழங்கைப் பார்த்தால் கருத்துப்போன சுக்குத் துண்டு மாதிரி இருக்கும். அப்படியே மண்ணில் போட்டால் முளைப்பது தாமதமாகும், சீராகவும் வராது. அறை வெப்பத் தண்ணீரில் 3 முதல் 4 மணி நேரம் ஊற வையுங்கள், உப்பிக் குண்டாகிவிடும். ஒரு நாள் முழுக்க ஊறப் போட்டால் தண்ணீரில் காற்று தீர்ந்து, கிழங்கு உள்ளேயே அழுகத் தொடங்கும். இந்தச் செடியில் ஆகும் சேதத்தில் பாதி இந்த ஊறலில்தான். ஊறியதை ஈரமான (சொட்டக் கூடாது) மண்கலவையில் தட்டில் பரப்பி, மேலே மெல்லிய அடுக்கு மூடி, 4 முதல் 10 டிகிரி செல்சியஸ் உள்ள இருட்டான இடத்தில் 10 முதல் 14 நாள் வையுங்கள். நடுநடுவே கிளறிப் பார்த்து, பூஞ்சை படர்ந்ததை மட்டும் எடுத்து எறியுங்கள். வெள்ளை வேர் எட்டிப் பார்த்ததும் நடவு. 5 செ.மீ. ஆழம், 10 முதல் 15 செ.மீ. இடைவெளி. எது மேல், எது கீழ் என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும்: கூர்முனை கீழே, தட்டையான, சன்ன மயிர் தெரியும் பக்கம் மேலே. தெரியாவிட்டால் படுக்க வைத்து நடுங்கள், முளை தானே வழி தேடிக்கொள்ளும்.

நட்டபின் ஏறத்தாழ 3 மாதத்தில் பூ. பகல் 15 டிகிரியைச் சுற்றி, இரவு அதைவிடக் குளிர்ச்சி என்றால் பூ தொடர்ந்து வரும்; மண் சூடேறினால் இலை மஞ்சளாகி உறங்கப் போய்விடும். மண் உறையாத ஊரில் இலையுதிர் காலத்தில் நடலாம். மண் இறுகி உறையும் இடத்தில் வசந்தத் தொடக்கத்தில். ஆண்டு முழுக்க வெக்கை உள்ள இடத்தில் இதைத் தொட்டியில் ஒரு பருவச் செடியாக மட்டும் நினைத்து, மிகக் குளிர்ந்த வாரங்கள் பூக்கும் காலத்தோடு சேரும்படி நாள் கணக்கிட்டு நட வேண்டும். அப்போதும் உத்தரவாதம் இல்லை.

பூ பறிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. பூவுக்குக் கீழே கழுத்துப்பட்டியாகப் பச்சை இலை வட்டம் இருக்கும். அதற்கும் பூவுக்கும் இடையே 1, 2 செ.மீ. காம்பு நீண்டிருந்தால் பறிக்கும் பருவம். ஒட்டியே இருந்தால் இன்னும் பிஞ்சு. அடியில் கத்தியால் வெட்டுங்கள். இழுத்துப் பிடுங்கினால் கிழங்கின் தலை சேர்ந்து வரும்.

இலையும் தண்டும் முறுக்கிச் சுருண்டால் அது கொலிட்டோட்ரைக்கம் பூஞ்சை. கிழங்கோடும் வந்து சேரும். மருந்து தேடி அலைவதைவிடச் செடியைப் பிடுங்கி எறிந்து, அந்த இடத்தில் அனிமோன் நடாமல் விடுவது நல்லது. இலையடியில் பழுப்புப் பொட்டு நிறைந்து பூவே வராவிட்டால் துரு நோய். இந்தத் துரு பிளம் வகை மரங்களுக்கும் அனிமோனுக்கும் மாறி மாறிப் போகும். பக்கத்தில் பிளம் இருந்தால் இடம் மாற்றுங்கள்.

அடுத்த இனம் பிளாண்டா. 10 முதல் 15 செ.மீ. உயரம், சாமந்தி சாயலில் சிறு பூ. 'வைட் ஸ்ப்ளெண்டர்' கைவிடாத ரகம், 'ராடார்' வெள்ளைக் கண்ணோடு கத்தரி கலந்த ரோஸ். இதுவும் காய்ந்த கிழங்காகத்தான் வரும், ஆனால் கொரோனாரியா அளவுக்குத் தாங்காது. விற்பனை தொடங்கியதும் வாங்கி, இரவு முழுக்க ஊற வைத்து, உடனே நட வேண்டும். பருவக் கடைசியில் தள்ளுபடியில் வருவது பெரும்பாலும் சவம். இலையுதிர்க்கும் மரத்தடியில் 5 முதல் 8 செ.மீ. ஆழத்தில் விட்டுவிட்டால் ஆண்டுக்கு ஆண்டு பெருகும். குளிர்காலம் இல்லாத இடத்துக்கு வேண்டவே வேண்டாம்.

நெமொரோசா ஐரோப்பியக் காடுகளின் வெள்ளை அனிமோன். இதைக் காய்ந்த நிலையில் பாக்கெட்டில் விற்பது கிட்டத்தட்ட மோசடி. சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள பழுப்பு வேர்த்தண்டு. ஈரம் போனால் உயிரும் போகும். தொட்டியில் வளர்ந்ததோ, இலையோடு தோண்டி ஈரப்பாசியில் சுற்றியதோ கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். படுக்கையாக, 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில், மட்கிய இலைமண்ணில். மெல்ல மெல்லத்தான் பரவும். 'ரோபின்சோனியானா' வெளிர் ஊதா, 'வெஸ்டல்' அடுக்கு வெள்ளை. பொறுமை உள்ளவருக்கு இவை இரண்டும் தகும்.

ஜப்பான் அனிமோன் என்பது பெயரளவில்தான் ஜப்பான், பிறப்பிடம் சீனா. 1 மீட்டருக்கு மேல் எழுந்து, கோடை முடிவிலிருந்து பூக்கும். 1858இல் பிரான்சின் வெர்டனில் தோன்றிய 'ஹொனோரின் ஜோபர்'தான் வெள்ளையில் இன்றைக்கும் முதல் தேர்வு. ரோஸில் 'செப்டம்பர் சார்ம்'. மண் இல்லாத வெறும் வேராக வாங்காதீர்கள், பாதி தழையாது. 9 செ.மீ. தொட்டிச் செடி போதும். முதல் ஆண்டு ஒன்றுமே செய்யாது. செத்துவிட்டது என்று பிடுங்க வேண்டாம். ஊன்றிய பிறகு தலைகீழ்: வேர் ஓடும் திசையெல்லாம் குருத்து. விடுபட்ட ஒரு துண்டு வேரும் செடியாகும் என்பதால் சுவரும் நடைபாதையும் எல்லை போட்ட இடத்தில் நடுங்கள். அதே குணம்தான் பெருக்கவும் வழி: குளிர்காலத்தில் 5 செ.மீ. வேர்த்துண்டுகளைத் தட்டில் படுக்க வைத்து மூடினால் நாற்று. இலையில் நரம்புக்கு நரம்பு கட்டம் கட்டிக் கருத்தால் அது இலை நூற்புழு, இலைக்குள் வாழும் நுண்புழு. அப்படியுள்ள செடியை நர்சரியிலேயே விட்டு வாருங்கள். லேபிளில் எரியோகாப்பிடெல்லா என்று இருந்தாலும் செடி அதேதான், தாவரவியலார் பேரினத்தை மாற்றிவிட்டார்கள்.

2011இல் லண்டன் செல்சீ மலர்க் கண்காட்சியில் ஆண்டின் சிறந்த செடியாகத் தேர்வான 'வைல்ட் ஸ்வான்' என்ற அனிமோன் ரகம் பற்றிக் கேட்பவர் நிறைய. இதழின் பின்புறம் நீல ஊதாக் கோடு, நீண்ட பூக்காலம்; புகழுக்குக் குறைவில்லை. ஆனால் ஈரம் குறைந்தால் முரண்டு பிடிக்கும், புதராகவும் நாளாகும். மண்ணில் ஈரம் நிற்கும் பகுதி நிழல் இருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் அதே இடத்துக்கு ஹொனோரின் ஜோபரே போதும்.

எந்த வகையானாலும் சாறு தோலை எரிக்கும், தின்றால் நஞ்சு. பிரிக்கும்போதும் வெட்டும்போதும் கையுறை போடுங்கள். ஊற வைத்த கிண்ணத்தை நாய், பூனை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். தபாலில் வந்த கிழங்கை அன்றே பிரித்து அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் நல்லது, அமுங்கினாலோ நீலப் பூஞ்சை பொடியாக உதிர்ந்தாலோ படம் எடுத்து உடனே திருப்பி அனுப்புங்கள். ஊறப் போட்ட பிறகு எந்த விற்பனையாளரிடமும் வாதாட முடியாது.