முதல் ஆராய்ச்சி மானியம்: இன்ஸ்பயரா, இந்தியா அலையன்ஸா, பி.எம். இ.சி.ஆர்.ஜி.யா?

பி.எச்டி. முடித்து, சொந்தமாக ஒரு கேள்வியைக் கையில் எடுக்கத் துடிக்கும் உயிரியல் ஆய்வாளர்கள் மானியத் திட்டங்களைப் பெரும்பாலும் தொகையை வைத்துத்தான் அடுக்குகிறார்கள்: 1.7 கோடி, 60 லட்சம், 35 லட்சம். இந்த வரிசை ஆளைத் தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஒரு திட்டத்தில் உங்கள் சம்பளமும் அந்தத் தொகைக்குள் அடக்கம். இன்னொன்றில் சம்பளம் நிறுவனத்தின் பொறுப்பு. மூன்றாவதில் சம்பளம் தனி, ஆய்வுச் செலவு தனி. ஆகவே தொகையைப் பார்க்கும் முன் இரண்டைப் பாருங்கள். உங்கள் மாதச் சம்பளத்தை யார் தருகிறார்கள்? விண்ணப்பிக்க உங்களுக்கு இன்னும் எத்தனை மாதம் மிச்சம்? தோற்றுப்போன விண்ணப்பங்களில் பல, அறிவியல் சரியில்லாததால் தோற்கவில்லை. தவறான திட்டத்துக்கு, தவறான நேரத்தில் போனதால் தோற்றன.

நிரந்தரப் பணி கிடைத்துவிட்டதா?

கிடைத்துவிட்டது என்றால் முதலில் பார்க்க வேண்டியது பிரதம மந்திரி இளம் ஆய்வாளர் மானியம். எல்லோரும் பி.எம். இ.சி.ஆர்.ஜி. என்றே சொல்கிறார்கள். 2023-இல் இயற்றிய சட்டத்தின்படி உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, அதாவது ஏ.என்.ஆர்.எஃப்., இதை நடத்துகிறது. முன்பு எஸ்.இ.ஆர்.பி. என்ற மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி வாரியம் கொடுத்துவந்த ஸ்டார்ட்-அப் ரிசர்ச் கிராண்டின் இடத்தில் வந்தது இது. பழையதில் 2 ஆண்டுக்கு 30 லட்சம். இதில் 3 ஆண்டுக்கு 60 லட்சம் வரை, நிறுவனத்தின் நிர்வாகச் செலவுக்கான ஓவர்ஹெட் தனி. வயது வரம்பு 42. உங்கள் சம்பளத்துக்கு இதில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

கவனிக்க வேண்டியது கடிகாரம். நிரந்தரப் பணியில் சேர்ந்து 2 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுக்கு ஓர் அழைப்பு என்று வைத்தாலும் கைக்கு வருவது இரண்டே வாய்ப்பு. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் ஆண்டு ஆய்வக அறை ஒதுக்கீட்டிலும், பாடவேளையிலும், மின் இணைப்புக்குக் கடிதம் எழுதுவதிலுமே போய்விடும். முதல் அழைப்பைத் தவறவிட்டால், இரண்டாவதில் நிராகரித்தபின் திருத்தி அனுப்ப வழியில்லை. பணி ஆணை கைக்கு வரும் முன்பே ப்ரொபோசலின் முதல் வரைவு முடிந்திருப்பது நல்லது.

60 லட்சம் என்ன தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு மாணவருக்கு உதவித்தொகை மாதம் 37,000, எஸ்.ஆர்.எஃப். எனும் முதுநிலை ஆய்வு மாணவருக்கு 42,000. ஒருவரை 2 ஆண்டு ஜே.ஆர்.எஃப்., 1 ஆண்டு எஸ்.ஆர்.எஃப். ஆக வைத்தால் வாடகைப்படி சேராமல் 13.92 லட்சம். கருவிகளுக்கு 22 லட்சம். கன்ஸ்யூமபிள்ஸ், அதாவது பயன்படுத்தித் தீரும் ஆய்வகப் பொருட்கள், ஆண்டுக்கு 5 லட்சம் வீதம் 15 லட்சம். இதுவரை 50.92 லட்சம். மீதி 9.08 லட்சத்தில் வாடகைப்படி, டி.என்.ஏ. சீக்வென்சிங் கட்டணம், பயணம், கன்டிஞ்சன்சி எனும் இதர செலவு எல்லாம் அடங்க வேண்டும். ஒரு மாணவர், ஒரு மையக் கேள்வி, கட்டுக்கோப்பான இரண்டு இலக்குகள்: இந்த அளவுக்குச் சரியாக இருக்கும். சுண்டெலி மாதிரியில் தொடங்கி நோயாளி மாதிரிகள்வரை போகும் திட்டத்தை இந்தத் தொகைக்குள் திணித்தால், மதிப்பீட்டாளர் பட்ஜெட் பக்கத்திலேயே நின்றுவிடுவார்.

நிரந்தரப் பணி இன்னும் கிடைக்கவில்லையா?

அப்படியானால் உண்மையான போட்டி இன்ஸ்பயர் ஃபேகல்ட்டிக்கும் இந்தியா அலையன்ஸ் எர்லி கரியர் ஃபெல்லோஷிப்புக்கும் இடையில்தான். இரண்டுமே 5 ஆண்டு. இரண்டிலும் சம்பளம் உண்டு. மற்றபடி இவை இரண்டும் வேறு வேறு உலகம்.

அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயரில் மாதம் 1,25,000 ரூபாய். ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 7 லட்சம் வீதம் மொத்தம் 35 லட்சம். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 32; சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. உயிரியலில் 5 ஆண்டு பி.எச்டி.யும் ஒரு போஸ்ட்டாக்கும் (பி.எச்டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) முடிக்கும்போதே பலர் 32-ஐத் தொட்டுவிடுகிறார்கள். கணிதத்துக்கும் கோட்பாட்டு இயற்பியலுக்கும் பொருந்தும் வயது வரம்பு, செல் வளர்த்து, எலி வளர்த்து, முடிவுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் துறைக்குப் பொருந்தாது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த 7 லட்சத்தையும் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு ஜே.ஆர்.எஃப்.-ஐ இதிலேயே வைத்தால் 4.44 லட்சம் போய், மிச்சம் 2.56 லட்சம். சீரம், ஆன்டிபாடி, பிளாஸ்டிக் பொருட்கள், சீக்வென்சிங் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். முடியாது. இன்ஸ்பயரில் நன்றாகச் செய்தவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியம் செய்திருப்பார்கள்: கருவிகள் ஏற்கெனவே நிறைந்திருக்கும் நிறுவனத்தைத் தேர்ந்திருப்பார்கள்; சி.எஸ்.ஐ.ஆர். அல்லது யு.ஜி.சி. உதவித்தொகையுடன் வரும் மாணவரைச் சேர்த்திருப்பார்கள். தொகை சிறியது என்பதற்காக இன்ஸ்பயரை ஒதுக்க வேண்டாம். வலுவான நிறுவனத்தில் அந்த 35 லட்சம் பெரிய உதவி. கருவி ஏதும் இல்லாத கல்லூரியில் அதே தொகை கரைந்துவிடும்.

இந்தியா அலையன்ஸ், மத்திய உயிர்தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008-இல் தொடங்கியது. 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இதன் மூன்றாம் கட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மொத்தம் 1,500 கோடி. அதில் 1,000 கோடி அரசு, 500 கோடி வெல்கம். எர்லி கரியர் ஃபெல்லோஷிப்பில் இதுவரை வழக்கமான தொகை 5 ஆண்டுக்குச் சுமார் 1.7 கோடி. இதில் உங்கள் சம்பளமும் சேர்ந்திருக்கிறது. சம்பளத்தை இன்ஸ்பயர் அளவிலேயே வைத்துக் கழித்தால் 75 லட்சம் போகும். மீதி 95 லட்சம். இன்ஸ்பயரின் 35 லட்சத்தோடு ஒப்பிட வேண்டியது இந்த 95-ஐத்தான், 1.7 கோடியை அல்ல. அப்போதும் வித்தியாசம் பெரியதுதான்.

இந்தியா அலையன்ஸில் வயது வரம்பு இல்லை, பி.எச்டி.க்குப் பிறகான ஆண்டுகள்தான் கணக்கு. இதுவரை நடந்த சுற்றுகளில் அது சுமார் 4 ஆண்டு. மகப்பேறு போன்ற இடைவெளிகளைக் கழித்துப் பார்க்கிறார்கள். பள்ளியில் தாமதமாகச் சேர்ந்தவருக்கும், வேலைபார்த்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவருக்கும் இது நியாயமான கணக்கு. மருத்துவர்களுக்கும் பொது சுகாதார ஆய்வாளர்களுக்கும் தனித் தடம் உண்டு.

தேர்வு கடினம். முதலில் சுருக்க விண்ணப்பம், அதில் தேறினால் முழு விண்ணப்பம், வெளி நிபுணர் மதிப்பீடு, நேர்காணல். ஏறக்குறைய ஓராண்டு ஆகும். இந்த ஃபெல்லோஷிப்பில் உங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். பழைய வழிகாட்டியின் ஆய்வகத்திலேயே, அவருடைய திட்டத்தின் அடுத்த அத்தியாயத்தை எழுதிக்கொண்டு போனால், “இதில் உங்களுடையது எது?” என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. புதிய ஆய்வகத்துக்குப் போகும்போது நீங்கள் கொண்டுவரும் நுட்பம் எது, அங்கே கற்கப்போவது எது, ஐந்தாம் ஆண்டு முடிவில் உங்களோடு வெளியே வரப்போகும் கேள்வி எது என்று மூன்று வரியில் சொல்லத் தெரிய வேண்டும். ப்ரொபோசலில் மதிப்பீட்டாளர்கள் அடிக்கடி பிடிக்கும் இன்னொரு தவறு, முதல் இலக்கு தோற்றால் மற்ற இரண்டும் சேர்ந்து விழும் அமைப்பு. மரபணு ஒன்றை முடக்கிய நாக்-அவுட் எலி உருவாகாவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதை அவர்கள் கேட்கும் முன் நீங்களே எழுதிவிடுங்கள்.

இரண்டுக்கும் தகுதி இருந்தால் இந்தியா அலையன்ஸுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். 32 நெருங்குகிறது என்றால் இன்ஸ்பயரையும் அதே ஆண்டில் போடுங்கள். முடிவுக்காகக் காத்திருந்து வயது வரம்பைத் தாண்டியவர்களுக்கு அந்த வாசல் மறுபடி திறப்பதில்லை.

மற்ற வாசல்கள்

ராமலிங்கஸ்வாமி ஃபெல்லோஷிப், வெளிநாட்டில் ஆய்வு செய்துகொண்டிருக்கும் இந்தியர்கள் திரும்பிவருவதற்காக உயிர்தொழில்நுட்பத் துறை தருவது. 5 ஆண்டு. ஆய்வுச் செலவுத் தொகை முதல் ஆண்டுகளில் அதிகம், பிறகு குறையும். கருவி வாங்குவதை முதல் இரண்டு ஆண்டுக்குள் முடித்துவிட வேண்டும். என்-பி.டி.எஃப்., அதாவது தேசிய போஸ்ட்டாக்டரல் ஃபெல்லோஷிப், ஒரு போஸ்ட்டாக் திட்டம்தான்: 2 ஆண்டு, ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 2 லட்சம். சொந்த ஆய்வகத்துக்கான பணமாக அதை எண்ணக் கூடாது.

கல்லூரி ஆசிரியர்கள் கவனிக்காமல் விடுவது டேர் திட்டம். மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஒரு கல்லூரியில் நிரந்தரமாகப் பாடம் நடத்துபவர், ஐ.ஐ.டி. போன்ற நிறுவனத்தின் ஆய்வகத்தில் பகுதிநேரமாக ஆய்வு செய்யலாம். 3 ஆண்டு, சம்பளத்துக்கு மேல் ஆண்டுக்கு 60,000, ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 5 லட்சம். அந்த 5 லட்சத்தில் பாதி உங்கள் கல்லூரிக்கே வருகிறது. கன்ஃபோகல் மைக்ராஸ்கோப்பும் ஃப்ளோ சைட்டோமீட்டரும் அங்கே இருக்க, இங்கே மாதிரி தயாரிக்கும் சிறு வசதியை இந்தப் பாதியில் உருவாக்கிக்கொள்ளலாம். சிக்கல் பணத்தில் வருவதில்லை, விடுப்பில்தான் வருகிறது. அங்கே போய் ஆய்வு செய்யும் நாட்களைப் பணி நாட்களாகவே கருதுவோம் என்று முதல்வரிடம் எழுத்தில் வாங்கியபிறகு விண்ணப்பியுங்கள்.

ஒப்புதல் கடிதம் வந்தபின்

எந்தத் திட்டமானாலும் சிக்கல்கள் ஒன்றுதான். மேலே கருவிகளுக்கு 22 லட்சம் போட்டோம். கொட்டேஷனில் அடிப்படை விலையை மட்டும் பார்த்து எழுதியிருந்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 25.96 லட்சம் ஆகும். 3.96 லட்சம் துண்டு. பொது ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இருந்த 5 சதவீதச் சலுகை வரி 2022 ஜூலை 18-இல் முடிந்துவிட்டது. பழைய ப்ரொபோசலைப் பார்த்து பட்ஜெட் எழுதுபவர்கள் இன்றும் இதில் மாட்டுகிறார்கள். மைனஸ் 80 ஃப்ரீசருக்கு ஸ்டெபிலைசர், உத்தரவாதக் காலத்துக்குப் பிந்தைய ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். ஏ.எம்.சி. கருவித் தலைப்பில் வராது. கன்டிஞ்சன்சியில் இடம் விட்டிருக்க வேண்டும்.

கொள்முதல் விதிகள் மத்திய அறிவியல் துறை நிறுவனங்களுக்கு 2025 ஜூனில் தளர்ந்தன. கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமானது. கொள்முதல் குழு மூலம் வாங்கும் வரம்பு 25 லட்சமானது. அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம் போர்ட்டலுக்கு வெளியே கருவி வாங்க அனுமதிக்கும் அதிகாரம் இயக்குநருக்கும் துணைவேந்தருக்கும் வந்தது. தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் குறுக்கே வரும். எந்த விதி பொருந்தும் என்று நிதி அலுவலரிடம் ஆர்டர் போடும் நாளில் கேட்காதீர்கள். ப்ரொபோசல் எழுதும்போதே கேளுங்கள்.

உயிரிப் பாதுகாப்புக் குழு, விலங்கு நெறிமுறைக் குழு, மனித மாதிரி இருந்தால் நெறிமுறைக் குழு ஆகியவற்றின் ஒப்புதல் இல்லாமல் வேலை தொடங்க முடியாது. இந்தக் குழுக்கள் மாதாமாதம் கூடும் என்று எண்ண வேண்டாம். மானிய முடிவு வரும்வரை காத்திராமல், விண்ணப்பம் அனுப்பியதுமே குழுவிலும் மனு போட்டுவிடலாம்.

கடைசியாக மார்ச் 31. அரசு மானியம் இப்போது பெரும்பாலும் வங்கியில் வந்து கிடப்பதில்லை, செலவு வரம்பாக வருகிறது. செலவாகாத வரம்பு நிதியாண்டு முடிவில் திரும்பிப்போய்விடும். வரம்பு ஜனவரியில் வந்து, வெளிநாட்டு ஆன்டிபாடிக்கு எட்டு வாரம் ஆகும் என்றால் பில் ஏப்ரலில்தான் வரும். ஆகவே கடைசிக் காலாண்டில் உள்ளூர் கையிருப்பில் உள்ளதை வாங்குங்கள்: பிளாஸ்டிக் பொருட்கள், மீடியா, ப்ரைமர். இறக்குமதி ஆர்டர்களை ஏப்ரலுக்குத் தயாராக வையுங்கள். ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை வராது. அதற்குத் தணிக்கை ஒப்பம் வேண்டும், அந்த மேசையில் ஏப்ரலில் எல்லோருடைய கோப்பும் குவிந்திருக்கும். செலவுக் கணக்கை மாதாமாதம் முடித்துவைத்திருப்பவரின் கோப்புதான் முதலில் நகரும்.