எக்ஸ்கவேட்டர் பக்கெட்: கொள்ளளவை விட மண்ணைப் பாருங்கள்

20 டன் எக்ஸ்கவேட்டர் ஒன்றைப் பல வருஷமாக ஓட்டுகிறேன். வண்டியோடு வந்தது சாதாரண மண் பக்கெட். அப்புறம் பாறை பக்கெட், குறுகலான வாய்க்கால் பக்கெட், பல் இல்லாத அகல பக்கெட், பாறை உடைக்கும் பிரேக்கர், இவற்றைச் சட்டென்று கழற்றி மாட்ட உதவும் குயிக் கப்ளர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் "எத்தனை கன மீட்டர் போடலாம்?" என்றுதான் கேட்பார்கள். எந்த மண்ணில் வேலை என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்லவே முடியாது.

கணக்கு போட்டால் புரியும். ஈர மண் கன மீட்டருக்கு 1.8 டன் என்று வைத்தால், 0.9 கன மீட்டர் பக்கெட்டில் 1.6 டன் ஏறும். பக்கெட்டின் எடையும் சேர்ந்தால் இரண்டே கால் டன்னைத் தாண்டிவிடும். அதையே 1.2 ஆக்கினால் மண் மட்டும் 2.1 டன்னுக்கு மேல். பக்கெட்டைத் தாங்கும் கையான ஆர்மை முழுக்க நீட்டிப் பக்கவாட்டில் திரும்பும்போது எதிர்ப்பக்க ட்ராக் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். ஆபரேட்டர் பயந்து மெதுவாகச் சுற்றுவார்; பெரிய பக்கெட் வாங்கிய லாபம் அங்கேயே போய்விடும். வண்டியின் தூக்குத்திறன் அட்டவணையைப் பார்க்கும்போது, அந்த எண்கள் பக்கெட்டோடு போட்டவையா, இல்லாமலா என்று அடிக்குறிப்பையும் பாருங்கள். கேட்லாக்கில் உள்ள கொள்ளளவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மேலே குவியும் மண்ணின் சரிவை எஸ்ஏஇ என்ற அமெரிக்க முறையில் 1:1 என்றும், சிஇசிஇ என்ற ஐரோப்பிய முறையில் 2:1 (இரண்டு பங்கு கிடைக்கு ஒரு பங்கு உயரம்) என்றும் எடுப்பார்கள். அதனால் ஒரே பக்கெட்டுக்கு இரண்டு எண் வரும். எஸ்ஏஇ எண்தான் பெரிதாகத் தெரியும்.

கெட்டித் தரையில் அகலம்தான் எல்லாம். வண்டி தரும் விசை மாறாது. பக்கெட் அகலமானால் அது அத்தனை பற்களுக்கும் பிரிந்து போகும். பல் இறங்காமல் மேலே வழுக்கும், எஞ்சின் திணறும், பக்கெட் பாதிதான் நிறையும். குறுகலான பக்கெட் அதே இடத்தில் ஒரே இழுப்பில் நிறைந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். டீசலும் மிச்சம். இளகிய மண்ணை டிப்பரில் ஏற்றவும் சரிவைச் சீர் செய்யவும் அகல பக்கெட் நல்லது. பாறை பக்கெட்டைக் களிமண்ணில் போடாதீர்கள். அதன் கனத்தைச் சும்மா தூக்கிக்கொண்டு சுற்ற வேண்டும்.

பற்களைப் பொறுத்தவரை ஓரத்துப் பல்தான் சீக்கிரம் தேயும். அதை நடுவுக்கு மாற்றி, நடுப் பல்லை ஓரத்துக்குக் கொண்டுபோனால் செட் அதிக நாள் உழைக்கும். முனை ஓட்டையாகும்வரை விட்டால் உள்ளே பல்லைத் தாங்கும் அடாப்டரின் மூக்கும் தேய்ந்துவிடும். அது பக்கெட்டோடு வெல்டு ஆனது. மாற்றுவது பெரிய வேலை.

பிரேக்கர் வாங்கும்போது எடையை மட்டும் பார்க்காமல், அதற்கு வேண்டிய ஆயில் ஓட்டமும் அழுத்தமும் உங்கள் வண்டியின் அளவோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஓட்டம் கூடினால் ஆயில் சூடாகும். ரிட்டர்ன் லைனில் எதிரழுத்தம் கூடினாலும் அடி தளரும். ஒரே இடத்தில் பதினைந்து, இருபது வினாடிக்கு மேல் அடித்தும் கல் உடையவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். பிரேக்கரின் உளியைத் தரையில் நெட்டாக அழுத்தி உள்ளே ஏற்றிவிட்டுத்தான் கிரீஸ் அடிக்க வேண்டும். தொங்கும் நிலையில் அடித்தால் கிரீஸ் உளிக்கும் அதை அடிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே போய்விடும். ஹோஸ் வழக்கத்தை விட அதிகமாக உதறினால் பிரேக்கருக்குள் அடைத்திருக்கும் நைட்ரஜன் வாயுவின் அழுத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

குயிக் கப்ளர் பற்றி எனக்கு இரண்டு மனசு. ஒரே நாளில் பக்கெட், பிரேக்கர் என்று மாற்றிக்கொண்டே இருக்கிற வேலைக்கு அது வரம். நாள் முழுக்க ஒரே பக்கெட் போடுகிறவருக்கு வீண் எடை. பல் முனை ஆர்மிலிருந்து தள்ளிப்போவதால் தோண்டும் விசையும் குறையும். மாட்டினால், பூட்டு விழுந்ததா என்று கண்ணால் பார்த்து, பக்கெட்டைத் தரையில் அழுத்திச் சோதித்த பிறகே தூக்குவேன். கீழே ஆள் நிற்கும்போது மாற்றவே மாட்டேன்.

பழைய பக்கெட் வாங்குவதானால் பக்கெட்டை மாட்டும் பின்னின் (இரும்பு ஊசி) விட்டம், அது நுழையும் காதுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, இரு பின்களின் மையத் தூரம் மூன்றையும் உங்கள் ஆர்மோடு அளந்து பாருங்கள். பக்கவாட்டு ஆட்டம் கொஞ்சம் இருந்தால் ஷிம் என்ற மெல்லிய தகடு போட்டு எடுக்கலாம். மையத் தூரம் மாறினால் பக்கெட் முழுசாகச் சுருளாது. அதற்கு ஷிம்மில் வழி கிடையாது.