லேண்ட் குரூசர் 80-க்குள் இரட்டை டர்போ 2ஜேஇசட்: ஹாஃப் கட் வாங்கலாமா?

டொயோட்டா அரிஸ்டோவின் முன்பாதியை அப்படியே அறுத்து, ஜப்பானிலிருந்து கப்பலேற்றி, ஆஸ்திரேலியாவில் 'ஹாஃப் கட்' என்று விற்கிறார்கள். ஜேஇசட்எஸ்161 மாடலின் ஹாஃப் கட்டில் கிடைப்பது 2ஜேஇசட்-ஜிடிஇ விவிடி-ஐ (வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்திலேயே மாற்றும் அமைப்பு) என்ஜின்: 2997 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், இரும்பு பிளாக், இரண்டு டர்போ (புகையின் வேகத்தால் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி). இதை வாங்கி வீட்டு ஷெட்டிலேயே லேண்ட் குரூசர் 80-இல் மாட்ட நினைக்கிறவர்களுக்காக இந்த விமர்சனம். வண்டி வலப்பக்க ஸ்டீயரிங், ஐந்து கியர் மேனுவல் என்று வைத்துக்கொள்வோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: என்ஜின் அருமையான சரக்கு. ஆனால் பணமும் நேரமும் கரைவது அதைச் சுற்றியுள்ள வேலைகளில். கழற்றுகிறவர் எந்த இடத்தில் வயரை வெட்டினார், எந்தக் குழாயை விட்டுவிட்டார் என்பதை வைத்துத்தான் ஹாஃப் கட்டின் உண்மையான விலை தெரியும்.

ஜப்பான் கணக்குப்படி இந்த என்ஜினுக்கு 280 பிஎஸ். 3600 ஆர்பிஎம்மில் 451 நியூட்டன் மீட்டர் டார்க். 80-இல் ஏற்கெனவே இருக்கும் 4.5 லிட்டர் 1எஃப்இசட்-எஃப்இ தருவது 3200-இல் 370. ஏட்டில் பார்த்தால் பெரிய முன்னேற்றம். ஆனால் 1500 ஆர்பிஎம்முக்குக் கீழே கதை தலைகீழ். அங்கே பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) வராது, கம்ப்ரஷன் விகிதம் 8.5:1 உள்ள வெறும் மூன்று லிட்டர் என்ஜின்தான் இரண்டேகால் டன் வண்டியை இழுக்க வேண்டும். லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக விசையோடு ஊர உதவும் கியர் நிலை) பாறை மேல் அங்குலம் அங்குலமாக ஏறுகிறவருக்குப் பழைய 4.5 லிட்டரே மேல். மணல்மேடு, நெடுஞ்சாலை, கேரவன் இழுவை என்றால் 2ஜேஇசட் பக்கம் சாயலாம்.

இரண்டு டர்போவும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. ஏறத்தாழ 3500 வரை புகை முழுக்க முதல் டர்போவுக்கே போகிறது. அதனால்தான் 2000 ஆர்பிஎம் வாக்கிலேயே பிக்கப் கிடைக்கிறது. அதன்பின் ஒரு சிறு பைபாஸ் வால்வு திறந்து இரண்டாவது டர்போவை மெல்லச் சுழற்றித் தயார்படுத்தும். 4000-ஐ நெருங்கும்போது எக்ஸாஸ்ட் வால்வு முழுதாகத் திறக்கும், பின்னாலேயே காற்றுப்பக்க வால்வும் திறக்கும். அங்கிருந்து இரண்டும் சேர்ந்து ஊதும். இதை இயக்குவது வேக்யூம் சோலனாய்டுகள் (மின்சாரத்தில் திறந்து மூடும் சிறு வால்வுகள்), டயாஃப்ராம் ஆக்சுவேட்டர்கள் (காற்றழுத்தத்தால் பெரிய வால்வை அசைக்கும் கருவிகள்), ஒரு பிரஷர் டேங்க், அவற்றைப் பிணைக்கும் மெல்லிய ரப்பர் ஹோஸ்கள். இருபது ஆண்டுக்கு மேல் சூட்டில் கிடந்த ஹோஸ், கை வைத்தால் பிஸ்கட்டாக நொறுங்கும். இரண்டாவது டர்போ வராமல் 4000-இல் வண்டி தொங்குகிறது என்றால் பத்தில் ஒன்பது முறை காரணம் இந்த ஹோஸ்கள்தான், டர்போ இல்லை. என்ஜின் வெளியே இருக்கும்போதே எல்லாவற்றையும் சிலிக்கான் ஹோஸாக மாற்றுங்கள். கையால் இயக்கும் வேக்யூம் பம்பால் ஒவ்வொரு ஆக்சுவேட்டரும் ஒரு நிமிடம் பிடித்து நிற்கிறதா பாருங்கள். சோலனாய்டுகளுக்கு 12 வோல்ட் கொடுத்து 'டக்' சத்தம் கேட்டால் மட்டும் போதாது, வாயால் ஊதிக் காற்றும் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

தலைவலி வேண்டாமென்று எக்ஸாஸ்ட் வால்வு, காற்றுப்பக்க வால்வு இரண்டையும் நிரந்தரமாகத் திறந்து கட்டிவிடும் பழக்கம் உண்டு. எடை குறைந்த காருக்கு அது ஒத்துவரலாம். எஸ்யூவிக்குச் செய்யாதீர்கள், பூஸ்ட் தொடங்கும் இடம் 3500-ஐத் தாண்டிப் போய்விடும். மணலில் அந்த ஆர்பிஎம்முக்கு ஏற்றுவதற்குள் டயர் குழி தோண்டி வண்டி உட்கார்ந்துவிடும்.

ஜப்பான் உள்நாட்டு என்ஜினில் வரும் சிடி20ஏ டர்போவின் டர்பைன் சக்கரம் செராமிக். ஏற்றுமதியான டொயோட்டா சூப்ராவில் வந்த சிடி12பி-யில் அது உலோகம். செராமிக் லேசானது, சீக்கிரம் சுழலும்; ஆனால் பூஸ்ட் 1 பாரைத் தாண்டினால் உடையும் அபாயம் ஏறிக்கொண்டே போகும். கம்பெனி வைத்த பூஸ்ட் 0.7 முதல் 0.8 பார். பூஸ்ட் கன்ட்ரோலரைத் தொடவே இல்லையே என்று நிம்மதியாக இருக்க முடியாது: கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றி 3 அங்குல சைலன்சர் போட்டாலே, பின்னழுத்தம் குறைந்து பூஸ்ட் தானாக ஏறும். அதனால் எக்ஸாஸ்ட் மாற்றிய அன்றே பூஸ்ட் மீட்டரும், 0.9 பாரில் எரிபொருளை நிறுத்தும் கட்டளையும் இருக்க வேண்டும்.

வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியவை. சிலிண்டர் கம்ப்ரஷன் அழுத்தம் 156 பிஎஸ்ஐ அருகே இருந்தால் நல்லது; 128-க்குக் கீழே எந்தச் சிலிண்டர் போனாலும், அல்லது சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் 14-ஐத் தாண்டினாலும் விட்டுவிடலாம். டர்போ ஷாஃப்டை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். அந்தத் திசையில் கைக்குத் தெரியும் அளவு பிளே இருக்கக் கூடாது. டவுன்பைப்பைக் கழற்றி டர்பைன் இறகுகளை டார்ச் அடித்துப் பார்க்க விடாத கடைக்காரரிடம் வாங்காதீர்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே கருப்புக் கசடு இருக்கிறதா பாருங்கள். முன்பக்க கிராங்க் புல்லியில் உள்ள ரப்பர் வளையம் வெடித்துப் பிரிவது இந்த என்ஜினின் தெரிந்த நோய். பிரிந்தால் புல்லி டைமிங் கவரைத் தின்றுவிடும். இன்னொரு நோய் ஆயில் பம்ப் சீல். பிசிவி (என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) அடைத்து கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறினால் சீல் தன் குழியிலிருந்து வெளியே தள்ளப்பட்டு, டைமிங் பெல்ட் முழுக்க ஆயில் நனைந்துவிடும். ஆகவே டைமிங் பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், முன் சீல், அந்தச் சீலைப் பிடித்துக்கொள்ளும் தகடு, புதிய பிசிவி வால்வு ஆகியவற்றை ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். கிராங்க் புல்லி போல்ட்டுக்கு 330 நியூட்டன் மீட்டர் வாக்கில் முறுக்கம் வேண்டும். வீட்டிலிருக்கும் சாதாரண டார்க் ரெஞ்ச் அதற்குப் போதாது, வாடகைக்கு எடுங்கள்.

இரட்டை டர்போ அரிஸ்டோ ஆட்டோமேட்டிக்காக மட்டுமே வந்தது. எனவே 80-இன் எச்151எஃப் கியர்பாக்ஸை வைத்துக்கொள்ள அடாப்டர் பிளேட்டும், அதற்கேற்ற ஃப்ளைவீலும், பைலட் பேரிங்கும் தேவை. கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் கம்பெனி வைத்த இடத்திலேயே இருக்கட்டும். என்ஜினை அதற்கு ஏற்ப நகர்த்துங்கள். கியர்பாக்ஸை நகர்த்தினால் முன் பின் இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளமும் கோணமும் கெடும். பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸை என்ஜினோடு சேர்க்கும் கூடு) துளை கிராங்கின் மையத்தோடு ஒத்துப்போகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், முழுச்சுற்றில் 0.13 மிமீக்கு மேல் காட்டினால் பின்னால் இன்புட் பேரிங் ஊளையிடும், கிளட்ச் உதறும்.

வீட்டில் செய்கிறவர்கள் அதிகம் சறுக்குவது ஆயில் சம்ப்பில்தான் (என்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி). அரிஸ்டோ கார், அதன் முன்னால் முழு ஆக்சில் கிடையாது. 80-இலோ என்ஜினுக்குக் கீழே இரும்பு ஆக்சில் மேலும் கீழும் ஆடுகிறது, டிஃபரன்ஷியல் உருண்டை வலப்பக்கம். வண்டி தரையில் நிற்கும்போது இடைவெளி தாராளமாகத் தெரியும், அதை நம்பாதீர்கள். முன் ஸ்பிரிங்குகளைக் கழற்றி, ஜாக்கியால் ஆக்சிலை பம்ப் ஸ்டாப் (ஆக்சில் முட்டி நிற்கும் ரப்பர் கட்டை) நசுங்கும் வரை தூக்கி, பிறகு ஒரு பக்கம் மட்டும் தூக்கி, இரண்டு நிலையிலும் சம்ப்புக்கு 25 மிமீ இருக்கிறதா என்று அளந்த பிறகே மவுண்டிங்கை வெல்டு செய்ய வேண்டும். இடம் பற்றாதபோது என்ஜினை மேலே தூக்குவது தவறான வழி: பானட் இடிக்கும், எடையும் மேலே ஏறும். சம்ப்பை வெட்டி ஆழமான பகுதியைப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆயில் உறிஞ்சும் குழாயையும் அதோடு மாற்ற வேண்டும். குழாய் வாய்க்கும் சம்ப் தரைக்கும் இடையே 8 முதல் 10 மிமீ விட்டு, சுற்றி ஊசல் கதவு வைத்த தடுப்புத் தகடு போடுங்கள். இல்லாவிட்டால் செங்குத்து ஏற்றத்தில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றை இழுக்கும். முதலில் சாவது டர்போ பேரிங், அடுத்தது கிராங்க் பேரிங். டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய், வண்டி சாய்ந்த நிலையிலும் சம்ப்பின் ஆயில் மட்டத்துக்கு மேலேயே சேர வேண்டும். சேராவிட்டால் ஆயில் தேங்கி, சீலைத் தாண்டி, நீலப்புகை வரும். நல்ல டர்போவைக் குற்றம் சொல்லி இன்னொன்று வாங்குவார்கள்.

அடுத்தது சூடு. 2ஜேஇசட்டின் டர்போக்கள் என்ஜினின் வலப்பக்கம். வலப்பக்க ஸ்டீயரிங் 80-இல் ஸ்டீயரிங் ஷாஃப்ட், பிரேக் பூஸ்டர், பிரேக் மாஸ்டர், கிளட்ச் மாஸ்டர் எல்லாமே அதே பக்கம். நீண்ட மணல் ஏற்றத்துக்குப் பிறகு பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால், மாஸ்டர் அருகே பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது என்று அர்த்தம். டர்போவுக்குப் போர்வை, டவுன்பைப்புக்குச் செராமிக் பூச்சு, இவை இரண்டுக்கும் பிரேக் மாஸ்டருக்கும் நடுவே காற்றோட்டம் விட்ட இரட்டைத் தகடு: மூன்றும் வேண்டும், ஒன்று போதாது. வளைகுடா நாடுகளில் ஓடும் இடப்பக்க ஸ்டீயரிங் 80-க்கு இந்த வேலை பாதியாகக் குறையும்.

வயரிங்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். கம்பெனி இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் சோலனாய்டுகளைத் தேடும். காணாவிட்டால் ஃபால்ட் போடும். த்ராட்டிலும் மின்சாரத்தில் இயங்குவது. ஹால்டெக் எலீட், லிங்க் ஜி4எக்ஸ் போன்ற தனி இசியு போடுவதே நேர்வழி. வாங்கும் முன் அவுட்புட்களை எண்ணுங்கள்: ஆறு இன்ஜெக்டர், இக்னிஷன், விவிடி, த்ராட்டில் மோட்டார், டர்போக்களின் சோலனாய்டுகள், ஃபேன், பம்ப். சின்ன மாடலில் இடம் பற்றாமல் கடைசியில் டர்போ வால்வுகளைக் கட்டிவிடும் நிலை வரும். ட்யூனிங்கின்போது, ஆக்டேன் 98 பெட்ரோலில் முழு பூஸ்ட்டுக்கு 11.5:1 காற்று-பெட்ரோல் கலவை, டர்போவுக்கு முன்னால் வைத்த எக்ஸாஸ்ட் வெப்பமானி 900 டிகிரியைத் தாண்டக் கூடாது. டைனோவில் (வண்டியை நிறுத்திவைத்தே ஓட்டித் திறனை அளக்கும் கருவி) பத்து விநாடி ஓட்டம் சரியாக இருக்கும். மணல்மேட்டில் ஒரு நிமிடம் முழு பூஸ்ட்டில் நிற்கும்போதுதான் நாக்கிங் (பெட்ரோல் நேரங்கெட்டு வெடிப்பது) வரும். இன்டேக் காற்று 60 டிகிரியைத் தாண்டினால் இக்னிஷனைப் பின்தள்ளும் டேபிளை நிரப்பச் சொல்லி ட்யூனரிடம் கேளுங்கள்.

நிமிடத்துக்கு 440 சிசி பெட்ரோல் ஊற்றும் இன்ஜெக்டர்கள் 350 குதிரைத்திறன் வரை தாங்கும். மணிக்கு 255 லிட்டர் பம்ப் போதும், ஆனால் டேங்க் கால்வாசியாகி வண்டி சாயும்போது பம்ப் காற்று குடிக்காமலிருக்க ஒரு சர்ஜ் டேங்க் (எப்போதும் பெட்ரோல் நிறைந்திருக்கும் சிறு இடைத்தொட்டி) அவசியம். இன்டர்கூலர் தடிமனாக இருந்தால் நல்லது என்பது கார்க்காரர்கள் பேச்சு. மெதுவாக ஓடும் எஸ்யூவியில் 76 மிமீ கோர் ரேடியேட்டருக்குக் காற்றை மறைக்கும். ஒல்லியானதை அகலமாக வாங்குங்கள். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஷ்ரவுட் (காற்றை வழிநடத்தும் கூடு) முழுதாக மூடியிருக்கட்டும்.

டயர் 33 அங்குலமென்றால், 4.10 கிரவுனோடு (டிஃபரன்ஷியலின் கியர் விகிதம்) ஐந்தாம் கியரில் மணிக்கு 100 கிமீ வேகத்துக்கு ஏறத்தாழ 2300 ஆர்பிஎம் வரும், 4.88 போட்டால் 2700. இந்த என்ஜினுக்கு 4.88தான் சரி. முதல் டர்போ விழித்திருக்கும் இடத்திலேயே வண்டி ஓடும், மேட்டில் கியர் குறைக்க வேண்டியதில்லை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் விஎஸ்பி14 என்ற வண்டி மாற்ற விதிகளின்படி பொறியாளர் சான்று வாங்க வேண்டும். புகை அளவு பழைய என்ஜினைவிட மோசமாகக் கூடாது, கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருந்தே ஆக வேண்டும். வேலை தொடங்கும் முன்பே அந்தப் பொறியாளரைப் பாருங்கள், சம்ப்பை வெல்டு செய்த பிறகு வேண்டாம்.

350 குதிரைத்திறனுக்கு மேல் ஆசையிருந்தால் இந்த இரட்டை டர்போவைக் கழற்றி வைத்துவிட்டு, கேரட் ஜி25-660 மாதிரி ஒரே பால் பேரிங் டர்போவுக்குப் போகலாம். ஹோஸ் காடும் ஒழியும், வலப்பக்கச் சூடும் குறையும். அதைவிடக் குறைந்த வேலைதான் வேண்டுமென்றால் ஹாஃப் கட்டே வாங்காதீர்கள். 9.0:1 கம்ப்ரஷன் உள்ள பழைய 1எஃப்இசட் நல்ல நிலையில் இருந்தால், 0.4 பார் பூஸ்ட்டில் ஒரு டர்போ, பெரிய இன்ஜெக்டர், தனி இசியு: சம்ப், மவுண்டிங், அடாப்டர் எதையும் தொட வேண்டாம், கீழ் ஆர்பிஎம் இழுவையும் கைவிட்டுப் போகாது.